என் உடம்பில் முளைத்தது பாவம் அல்ல

கடந்த ஆண்டு பெப்ரவரியில் ஒரு காலை, சிறுநீர் உறையை மாற்றுவதற்காகக் கழற்றிவிட்டுக் கைக்கண்ணாடியில் பார்த்தேன். என் ஆணுறுப்பின் வீங்கிய தோலில், சின்னத் திராட்சைக் குலை போல, சதை சதையாக ஏதோ வளர்ந்திருந்தது.

இதை அச்சிடுகிறவர்கள் இந்த முதல் வரிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். "ஒரு சின்ன ஒப்பரேஷன் எண்டு போடுங்கோவன்" என்றார்கள். போடமாட்டேன். ஆண்டவர் எனக்கு எந்த இடத்தில் உதவி செய்தாரோ, அந்த இடத்தின் பெயரைச் சொல்லித்தான் அவருக்கு நன்றி சொல்வேன். கூச்சமாக இருப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் உங்கள் வீட்டில் கதீற்றர் என்கிற சிறுநீர்க் குழாயுடன் ஒருவர் இருந்தால், தயவுசெய்து திருப்பாதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஜெயசீலன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளம் வயதில் அகதியாக சுவிசுக்கு வந்தவன். எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல பனிக்காலங்கள் வேலை செய்தேன். ஒரு ஜனவரி மாதம், குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் இறங்கும்போது, பனி உறைந்த இரும்புப் படியில் சறுக்கி முதுகடிபட விழுந்தேன். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இப்போது சோலோதுர்ன் நகரில், லிஃப்ட் உள்ள ஒரு வீட்டில், சக்கர நாற்காலியில் இருக்கிறேன். என் மனைவி சுகந்தி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரே மகள் நிரோஷினி கலியாணம் முடித்து ஊஸ்டர் என்ற ஊரில் இருக்கிறாள்.

எனக்குச் சிறுநீர் தானாகப் போய்விடும். போவது எனக்குத் தெரியாது. அதற்காக ஆணுறை மாதிரி ஒரு உறையை மாட்டி, அதிலிருந்து குழாய் வழியாக, காலில் கட்டிய பைக்குச் சிறுநீரை விடுவார்கள். அதுவும் ஒரு வகைக் கதீற்றர்தான். உள்ளே செருகாமல் வெளியே மாட்டுவது. அதை மாட்டிக்கொண்டுதான் வருடக்கணக்காகக் கோவிலுக்கு வந்தேன். அதை மாட்டிக்கொண்டுதான் மகளின் கலியாணத்தில் அவள் கையைப் பிடித்துக்கொடுத்தேன். யாருக்கும் தெரியாது.

வீக்கம் அதற்கு முந்தின வருடமே தொடங்கியிருந்தது. வலி இருந்திருந்தால் அன்றே ஓடிப்போயிருப்பேன். எனக்கு அங்கே வலியே இல்லையே. தோல் தடித்தது, தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக ஆனது. உறை சரியாக ஒட்டவில்லை, கழன்று கழன்று போனது. அதனால் நான் அதற்கு மேலே பிளாஸ்ரரைச் சுற்றி இன்னும் இறுக்கமாக ஒட்டினேன். பிறகு தோலிலிருந்தே தண்ணீர் மாதிரி ஏதோ கசியத் தொடங்கியது. ஒரு ஞாயிறு பூசையில், எழுந்து நிற்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில், என் காற்சட்டை நனைந்து கதிரையின் மெத்தை வரைக்கும் ஈரமாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடினார். அன்றோடு நான் பூசைக்குப் போவதை நிறுத்தினேன்.

அந்தப் பெப்ரவரிக் காலையில் கண்ணாடியைக் கட்டிலில் போட்டுவிட்டு சுகந்தியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இண்டைக்கே டொக்டரிட்டைப் போவம். நான் வேலைக்கு லீவு சொல்லுறன்."

எங்கள் வழமையான டொக்டர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டொக்டர் இருந்தார். கையுறை போட்டார், பார்த்தார், உடனே ஒரு சொல்லைச் சொன்னார். "ஃபைக்வார்ட்சன்." எனக்கு விளங்கவில்லை. சுகந்திக்கு விளங்கியது. அவளுடைய டொச், அதாவது ஜேர்மன் மொழி, என்னுடையதைவிட நல்லது. பாலுறவால் தொற்றுகிற ஒரு வைரஸால் வரும் மரு அது. டொக்டர் அடுத்து ஒரு கேள்வியும் கேட்டார். வேறு பெண்களுடன் தொடர்பு இருக்கிறதா? மனைவியும் சோதிக்க வேண்டும் என்றார்.

இடுப்புக்குக் கீழே ஒன்றுமே உணராத மனிதனிடம், அவனுடைய மனைவியின் முன்னால், அந்தக் கேள்வி. டொக்டரைக் குறை சொல்லி எழுதவில்லை. அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், கடைசிக் கேள்வியும் அதுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு களிம்பு எழுதித் தந்து அனுப்பிவிட்டார்.

அன்று எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் அந்தோனி அண்ணை. எங்கள் செபக்குழுவை நடத்துகிறவர். நல்ல மனிதர். என் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வான் அவரிடம்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில் "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். எனக்காகச் செபிக்கட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு வானொலியைச் சத்தமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி தேத்தண்ணி போட்டாள். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"ஒருக்காத்தான் கேப்பன். எனக்குச் சொல்ல வேண்டியது ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா இல்லை."

"சரி. அப்ப அந்த டொக்டர் பிழையாச் சொல்லிப்போட்டார்." தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தாள். "நான் போய்ச் சோதிச்சுக்கொண்டு வாறன். உங்களை நம்பாமல் இல்லை. அவைக்குக் காட்டத்தான்."

போனாள். டொக்டரின் சோதனை மேசையில் ஏறிப் படுத்தாள். ஒரு குற்றமும் செய்யாத என் மனைவி, என்னால் அதைச் செய்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் கதை போய்விட்டது. நம் சனத்தில் ஒரு செய்தி ஆக வேகமாகப் போவது, செபிக்கச் சொல்லி அனுப்பும்போதுதான். அந்தோனி அண்ணை தன் மனைவியிடம் செபிக்கச் சொன்னார். அவர் இன்னும் இரண்டு பேரிடம் செபிக்கச் சொன்னார். மார்ச் மாதம் முடிவதற்குள் ஊஸ்டரில் என் மகளின் மாமியார் வீடு வரைக்கும் எனக்காகச் செபித்தார்கள்.

நிரோஷினி தொலைபேசி எடுத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அப்பா, மாமி கேட்டவ. 'உம்மடை அப்பாவுக்கு என்ன வருத்தம்?' எண்டு கேட்டவ. அவ கேட்ட விதம் எனக்குப் பிடிக்கேல்லை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எங்கடை அப்பாவைப் பற்றிக் கேக்கிறதெண்டால் அப்பாவிட்டையே கேளுங்கோ எண்டு சொன்னனான். அப்பா, நீங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பிளீஸ். உந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை. வெளியே போகவே வெறுப்பாக இருந்தது. டொக்டர் சொன்னபடி களிம்பைப் பூசினேன். அது எரியும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு எரியவில்லை. எப்படி எரியும்? தோல் வெந்து புண்ணானது எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின், அந்தோனி அண்ணையும் செபக்குழுவில் இன்னும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள். பாட்டுப் படித்தார்கள். என் தலையில் கை வைத்துச் செபித்தார்கள். பிறகு அண்ணை என் பக்கத்தில் இருந்து, மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார்:

"தம்பி, மனம் திறந்து ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யும். மறைச்சு வைச்சிருக்கிற பாவம் சுகத்துக்குத் தடை. ஆண்டவர் இரக்கமுள்ளவர்."

"அண்ணை, என்ரை பாவங்களைச் சாமியாரிட்டைச் சொல்லித்தான் இருக்கிறன். நீங்கள் நினைக்கிறது அதிலை இல்லை."

"யோசிச்சுப் பாரும். ஒரு பலவீனமான நேரத்திலை..."

"செய்யாததை எப்பிடி அண்ணை சொல்லுறது? சுகம் வேணும் எண்டதுக்காகப் பொய்ச் சங்கீர்த்தனம் செய்யச் சொல்லுறியளோ?"

சுகந்தி சமையலறைக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தாள்.

"இண்டைக்குச் செபம் காணும். எல்லாரும் போட்டு வாங்கோ."

என் வாழ்க்கையில் நான் அவளை அதற்கு முன்பும் நேசித்திருக்கிறேன். ஆனால் அன்று நேசித்ததுபோல் இல்லை.

அவர்கள் போன பிறகு நான் சிலுவையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். ஆம், சத்தம்தான் போட்டேன். "நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? உமக்குத் தெரியுந்தானே? அப்ப ஏன் வாய் திறக்கிறீர் இல்லை?" என் கால்களை எடுத்தபோது நான் கேள்வி கேட்கவில்லை. வேலை போனபோது கேட்கவில்லை. இப்போது என் மானத்தையும் என் மனைவியின் மானத்தையும் எடுக்கும்போது கேட்டேன். இப்படிச் செபிக்கலாமா என்று சிலர் நினைப்பீர்கள். எனக்கு வேறு செபம் வரவில்லை. வந்த செபத்தைத்தான் செபித்தேன்.

மே மாதம் காய்ச்சல் வந்தது. பல் கிட்டும் நடுக்கம். சுகந்தி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே அம்புலன்சைக் கூப்பிட்டாள். புண்ணால் கிருமி ஏறி, தொடை வரைக்கும் சிவந்து கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். முதல் நாட்களில் நான் என்ன கதைத்தேன் என்றே எனக்குத் தெரியாது. மகள் ஊஸ்டரிலிருந்து வந்து கட்டிலருகே இருந்தாள். ஒரு தடவை கண் திறந்தபோது, அவளும் தாயும் ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் பாதி தமிழிலும் பாதி டொச்சிலும் சொன்னாள்.

காய்ச்சல் இறங்கியது. அங்கேதான் சிறுநீரகப் பிரிவில் ஒரு பெண் டொக்டரைச் சந்தித்தேன். நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, என் கண் மட்டத்துக்கு இருந்து கதைத்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும்.

அவர் அவசரப்பட்டு எந்தப் பெயரும் வைக்கவில்லை. "எனக்கு இன்னும் தெரியாது" என்றார். மரு என்று முடிவாகச் சொல்ல முடியாது, புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார். புண் ஆறியதும் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும். புற்றுநோய் என்றால் உறுப்பின் ஒரு பகுதியை, சில வேளை முழுவதையும், எடுக்க வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

புண் ஆற வாரங்கள் எடுத்தன. ஜூலை மாதக் கடைசியில் துண்டு வெட்டினார்கள். முடிவு வரக் காத்திருந்த நாட்களில்தான் ஓகஸ்ட் மாதத் தமிழர் யாத்திரை வந்தது. பாறைக்குள் இருக்கிற ஒரு மாதா கோவிலுக்கு வருடா வருடம் நம் சனம் போகும். கத்தோலிக்கர்களும் போவார்கள், சைவ ஆட்களும் நேர்த்தி வைத்துப் போவார்கள். சுகந்தி கேட்டாள்:

"போவமோ?"

"அங்கை எல்லாரும் நிப்பினம்."

"நிக்கட்டும். மாதா அவையின்ரை மட்டுமே?"

றெயிலிலும் பஸ்ஸிலுமாகப் போனோம். அந்தோனி அண்ணையின் வானைக் கேட்கவில்லை. நல்ல வெயில். வெளியே புல்வெளியில் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், யாரோ றோல்ஸ் விற்றார்கள். நான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தபோது சிலர் சிரித்து வணக்கம் சொன்னார்கள். சிலர் திடீரென்று தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். ஒருவர் கைகொடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கையால் தொற்றும் என்று நினைத்தாரோ தெரியாது.

மாதா கீழே பாறைக் குகைக்குள் இருக்கிறா. குகைக்குப் போக நீண்ட படிக்கட்டு. நான் படி தொடங்குகிற இடத்தில் நாற்காலியை நிறுத்தினேன். என் வாழ்க்கையை முறித்ததே படிதான். கீழேயிருந்து மெழுகுதிரிச் சூடும் பாட்டும் வந்தன. அந்தோனி அண்ணை என்னைக் கண்டுவிட்டு நாலு ஆட்களோடு வந்தார்.

"தம்பி, நாங்கள் தூக்கிக்கொண்டு போறம். வாரும்."

"வேண்டாம் அண்ணை."

"இவ்வளவு தூரம் வந்து மாதாவைப் பாக்காமல்..."

"தூக்கிக்கொண்டு போய்ப் பாவி எண்டு மாதாவுக்கு முன்னாலை வைக்கிறதுக்கு நான் வரேல்லை. நான் இஞ்சை நிண்டு கதைக்கிறன். அவவுக்குக் காது கேக்கும்."

அவர் முகம் சிவந்தது. திரும்பி இறங்கிப் போனார். சுகந்தி கீழே போய் மெழுகுதிரி ஏற்றினாள். நான் மேலே, சனம் இடித்துக்கொண்டு போய்வரும் இடத்தில், கண்ணை மூடினேன்.

சுகம் தா என்று நான் அன்று கேட்கவில்லை. இதை அப்படியே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். "தாயே, எனக்குப் புற்றுநோய் எண்டால் புற்றுநோய். வெட்டுறதெண்டால் வெட்டட்டும். ஆனால் உண்மை வெளியிலை வரவேணும். இது என்ன, எங்கையிருந்து வந்தது எண்டு ஒரு ஆள் வாய் திறந்து சொல்லவேணும். என்ரை மனுசி தலை நிமிர்ந்து பூசைக்குப் போகவேணும். உம்மடை மகனிட்டைச் சொல்லும். அது வரைக்கும் நான் விடமாட்டன்." இவ்வளவுதான். கண்ணீர் வரவில்லை. கதிரையின் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியில் விரல்கள் விறைத்துப்போயின.

சுகந்தி ஏறி வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. "என்ன கேட்டனீங்கள்?" என்றாள். சொன்னேன். "நானும் அதைத்தான் கேட்டனான்" என்றாள். நாங்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வரும்போது நான் பாவிக்கிற உறை, பிளாஸ்ரர் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஒரு பையில் போட்டுக்கொண்டு போனோம். மகளும் வந்தாள். நரைத்த தலை டொக்டர் உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, இருந்ததும் முதல் சொல்லாகச் சொன்னார்:

"குட்ஆர்ட்டிக்."

"குட்" என்றால் நல்லது என்று எனக்கே தெரியும். ஆனாலும் நான் சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கான்சர் இல்லையாம். கெட்டது ஒண்டும் இல்லையாம்."

"மற்றது?" என்றேன்.

மகள்தான் கேட்டாள். நேரே கேட்டாள், டொச்சில், ஒரு சொல்லையும் விழுங்காமல். அந்த மரு வைரஸ் இருக்கிறதா? டொக்டர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வெட்டிய துண்டில் அதையும் தேடினார்கள். இல்லை. பாலுறவு நோய்க்கான எந்த அடையாளமும் இல்லை.

நிரோஷினி அதை எனக்குத் தமிழில் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள். "இல்லை அப்பா. இல்லை. ஒண்டும் இல்லை."

அதோடு முடிந்திருக்கலாம். டொக்டர் முடிக்கவில்லை. "அப்படியானால் இது ஏன் வந்தது?" என்று அவரே கேட்டார். "நீங்கள் வீட்டில் எப்படி உறை மாட்டுகிறீர்கள் என்று எனக்குச் செய்து காட்டுங்கள்."

செய்து காட்டினேன். உறையை மாட்டினேன், வழமைபோல மேலே பிளாஸ்ரரைச் சுற்றினேன், கழலாமல் இருக்க இறுக்கி இழுத்தேன். டொக்டர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்ரரைக் கழற்றச் சொன்னார். தோலைச் சுற்றி ஒரு வளையம் போலப் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, "இங்கே" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். இரத்தம் ஓடுவது போல நம் உடம்பில் நிணநீர் என்று இன்னொரு நீரும் ஓடுகிறது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் உறை இறுக்கியதால், அந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. தேங்கத் தேங்கத் தோல் வீங்கித் தடித்தது. வீங்கினதால் உறை நிற்கவில்லை. நிற்கவில்லை என்று நான் இன்னும் இறுக்கினேன். தேங்கிய நீரும் உராய்வும் ஈரமுமாகச் சேர்ந்து தோல் கொத்துக் கொத்தாக வெளியே வளர்ந்தது. பார்ப்பதற்கு மரு மாதிரி இருக்கும். மரு அல்ல. யாருக்கும் தொற்றாது. யாரிடமிருந்தும் வரவில்லை.

"இது உங்கள் பிழை இல்லை" என்று டொக்டர் சொன்னார். "இதைக் கவனிக்கும்படி யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

நான் அப்போதுதான் அழுதேன். மூன்று பேரும் அழுதோம். டொக்டர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, எங்களுக்கு நேரம் தந்து வெளியே போனார்.

இதை நான் சொல்லும்போது சிலர் கேட்கிறார்கள்: "அது டொக்டர் கண்டுபிடிச்சது தானே? அதிலை ஆண்டவர் எங்கை?" ஆம், டொக்டர்தான் கண்டுபிடித்தார். நான் என்ன, வானத்திலிருந்து குரல் வர வேண்டும் என்றா கேட்டேன்? ஒரு ஆள் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன். ஒரு ஆள் வாய் திறந்து சொன்னார். சோதனை முடிவோடு என்னை அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல், செய்து காட்டு என்று கேட்க அவர் மனதில் தோன்றியதே, அந்தக் கேள்வியை யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் நம்பாவிட்டால் அது உங்கள் பாடு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறையை முற்றாக நிறுத்தினார்கள். அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைத்தார்கள். தேங்கிய நீரை மெதுவாகத் தடவி வெளியேற்ற ஒரு பிசியோதெரப்பிப் பெண் கிழமைதோறும் வீட்டுக்கு வந்தார். ஒக்டோபரில் ஒப்பரேஷன் செய்து அந்த வளர்ச்சிகளையும் தடித்த தோலையும் வெட்டி எடுத்தார்கள். உறுப்பைக் காப்பாற்றிவிட்டார்கள். தையல் பிரிந்து ஒரு மூலை மட்டும் ஆற நாளெடுத்தது. இன்றைக்கும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதனால் தவறாமல் போய்க் காட்டுகிறேன். நான் எழுந்து நடக்கவில்லை. அப்படியொரு சாட்சியை எதிர்பார்த்து வாசித்தவர்கள் மன்னிக்கவும். நான் நடக்கக் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது.

நவம்பரில், ஆரே ஆற்றிலிருந்து எழும்பிய மூடுபனி நகரம் முழுவதையும் மூடியிருந்த ஒரு பிற்பகலில், அந்தோனி அண்ணை தனியாக வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, எல்லாம் கேள்விப்பட்டனான். நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளும்."

"நான் மன்னிச்சுப்போட்டன் அண்ணை. ஆனா எனக்கு முன்னாலை மட்டும் சொன்னால் காணாது."

"விளங்கேல்லை."

"கதை எங்கை தொடங்கினதோ, அங்கை சொல்லுங்கோ. செபக்குழுவிலை. எல்லாருக்கும் முன்னாலை. எனக்காக இல்லை. சுகந்திக்காக."

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்பு என்றால் விட்டுக்கொடுப்பது மட்டும் என்று நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். சில நேரம் அன்பு என்றால் பிடித்துக்கொண்டு நிற்பது. கடைசியில் "ஓம்" என்றார். எனக்கு அவரில் மரியாதை கூடியது அந்த ஒரு "ஓம்" இலிருந்துதான்.

நத்தாருக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், கோவில் மண்டபத்தில் செபக்குழு கூடியபோது நாங்கள் போனோம். சுகந்தி நல்ல சேலை கட்டினாள். அந்தோனி அண்ணை எழும்பினார். "ஜெயசீலன் தம்பியைப் பற்றி நான் பிழையாக நினைச்சனான். பிழையாக் கதைச்சனான். அவரிட்டையும் சுகந்தி தங்கச்சியிட்டையும் எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன்" என்றார். சுகந்தி எழும்பிப் போய் அவருக்குக் கைகொடுத்தாள்.

பிறகு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் தரும்போது ஒருவர் காதுக்குள் சொன்னார், "பொம்பிளையள் இருக்கினம், பாத்துச் சொல்லுங்கோ" என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறையைச் சொன்னேன், வீக்கத்தைச் சொன்னேன், எந்த உறுப்பு என்பதைச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒரு இளைஞன் எழுந்து வெளியே போனான். நான் நிறுத்தவில்லை.

முடிந்ததும் எல்லாரும் தேத்தண்ணிக்குப் போனார்கள். ஒரு பெண், எனக்கு முகம் மட்டும் தெரிந்தவர், என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பாரிசவாதத்தில் படுக்கையில் இருக்கிற தன் தகப்பனுக்கும் இதே உறைதானாம். இரண்டு மாதமாக யாரையும் கிட்ட விடாமல் தானே மாற்றுகிறாராம். துணியில் ஈரம் இருக்கிறதாம்.

"கேட்டால் ஏசுறார் அண்ணை. மகளுக்குக் காட்டுறதோ எண்டு ஏசுறார்."

"என்ரை நம்பரை அவருக்குக் குடும். ஒரு ஆம்பிளையோடை கதைக்கட்டும்."

கதைத்தார். முதல் நாள் என்னையும் ஏசினார். இரண்டாம் நாள் கேள்வி கேட்டார். அதற்கடுத்த கிழமை டொக்டரிடம் போனார். அவருக்கு வீக்கம் தொடங்கியிருந்தது, வளர்ச்சி இன்னும் வரவில்லை. உறையை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. அவருடைய மகள் அதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, நான் பட்ட அந்த வருடம் முழுவதற்கும் அன்றுதான் முதல் தடவையாக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அன்பான சகோதரரே, சகோதரிகளே, நம்பிக்கையாக இருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நம்பிக்கை என்றால் பொத்திக்கொண்டு இருப்பது அல்ல. உடம்பில் புதிதாக ஒன்று வந்தால் காட்டுங்கள். ஒரு டொக்டர் சொன்னது உங்கள் வாழ்க்கையோடு பொருந்தவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள். செய்யாத பாவத்தைச் சுமக்காதீர்கள், யார் வந்து அன்பாகச் சுமத்தினாலும் சுமக்காதீர்கள். ஆண்டவரிடம் கோபம் இருந்தால் கோபத்தோடேயே போங்கள், அவர் அதைத் தாங்குவார். என்னுடையதைத் தாங்கினார்.

நம்மை உச்சி முதல் உள்ளங்கால் வரை உண்டாக்கியவர் அவர். அவர் பார்த்து முகம் சுளிக்கிற இடம் நம் உடம்பில் ஒன்றும் இல்லை. அவருக்கே இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?